லாக் பெடலின் மேல் ஒரு கால்

இது நடந்தது என் அக்காவுக்கு. அவள் பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சின்ன வயதில் அவள் உடைத்த சாமானுக்கெல்லாம் முதுகில் வாங்கியவன் நான். ஆனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகச் சிரிக்கிறவளும் அவள்தான். டிவியில் பேய்ப்படம் ஓடினால் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே, "பாவம், அதுக்குத் தலைவார ஆள் இல்ல போல" என்பாள். அப்படிப்பட்டவள், போன மழைக்காலத்துக்குப் பிறகு கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் இரண்டு காலையும் மேலே தூக்கி மடித்துக்கொள்கிறாள். அதைக் கண்ணால் பார்க்கிறவன் என்பதால்தான் சொல்கிறேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

அக்கா ஒரு மரக்கன்றுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறாள். மாமா, அதாவது அவள் கணவர், ஒர்க் ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். வண்டியைப் பிரிப்பது அவர் வேலை, ஓட்டுவது இவள் வேலை. ஓட்டுவதில் மாமாவே அவள்முன் வாயைத் திறக்க மாட்டார். மேட்டில் இருக்கும் நடவு இடத்துக்குக் கன்றுகளையும் தண்ணீர்த் தொட்டியையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதும், வெறும் டிரெய்லரோடு கீழே வருவதும்தான் அவளுடைய நாள். மேலே போகிற பாதை சிவந்த மண். மழை பெய்தால் அல்வா மாதிரி ஆகிவிடும்.

பழைய டிராக்டர் என்ஜின் படுத்துவிட்டது என்று பண்ணை முதலாளி மழைக்கு முன்னால் ஒரு புரோக்கர் மூலம் இன்னொன்றை வாங்கிப் போட்டார். அதுவும் பழசுதான். நீல பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. அக்கா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நல்ல வண்டி, யாரோ பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி என்று சொன்னாள். முக்கியமாக லாக் நன்றாக வேலை செய்கிறது என்றாள்.

டிராக்டர் தெரியாதவர்களுக்காக இந்த லாக் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டால் அதே டிஃபரன்ஷியல் காலை வாரிவிடும். மாட்டின சக்கரம் வெட்டியாகச் சுழலும். கெட்டித் தரையில் இருக்கிற சக்கரம் கல்லு மாதிரி நிற்கும். அதற்குத்தான் டிஃபரன்ஷியல் லாக். டிரைவரின் வலது குதிகால் பக்கம் சின்னதாக ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காலை எடுத்தால் விட்டுவிடும்.

இதில் அக்கா ரொம்பக் கறார். சேற்றில் இறங்குவதற்கு முன்பே மிதிப்பாள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது மிதிக்கவே மாட்டாள், உள்ளே பல் போய்விடும் என்பாள். நேராகப் போகிற வரைக்கும்தான் மிதி. வளைவு வருவதற்கு நாலு அடி முன்னாலேயே காலை எடுத்துவிடுவாள். பூட்டின சக்கரத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது. முன்சக்கரம் சும்மா மண்ணை உழுதுகொண்டே இருக்க, வண்டி நேராகப் போகும். எதிரில் சுவர் இருந்தாலும் சரி, பள்ளம் இருந்தாலும் சரி.

பள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. மேட்டிலிருந்து இறங்கும் பாதை ஓர் இடத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேராகப் போனால் கைவிடப்பட்ட கல்குவாரி. அடியில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்கரை. அவ்வளவுதான் காவல்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

சத்தம் முன்னாலேயே வர ஆரம்பித்தது. அக்கா சேற்றைப் பார்த்துவிட்டுக் காலைப் பெடல் பக்கம் கொண்டுபோவாள். கால் படுவதற்கு முன்னாலேயே... 'டக்'. முதலில் தன் கால்தான் பட்டிருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் கவனித்தாள். படவில்லை. ஆனால் பெடல் தணிந்திருந்தது. அவளுக்கு அது பயமாகத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. வண்டி என் மனசு தெரிஞ்சு நடக்குது என்று மாமாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். உன் வண்டியாவது நடக்குதே என்று மாமா சிரித்திருக்கிறார்.

அடுத்தது ஈரம். வண்டியை ராத்திரி கொட்டகையில் நிறுத்திப் பூட்டுவார்கள். தரை சிமென்ட். கூரை ஒழுகாது. காலையில் வந்து பார்த்தால் லாக் பெடல் மட்டும் நனைந்திருக்கும். கிளட்ச் காய்ந்திருக்கும். பிரேக் காய்ந்திருக்கும். லாக் பெடலின் ரப்பரில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதோடு கொஞ்சம் சேறு.

கறுப்புச் சேறு.

பண்ணையில் எங்கே தோண்டினாலும் சிவப்பு மண்தான். அக்கா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள். குளத்துக்கு அடியில் கிடக்கிற வண்டலின் நாற்றம். எலி, தவளை ஏதாவது இருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்றாவது விஷயம் அவளுக்கே பிடிக்கவில்லை. ஒரு மதியம் கொட்டகை முன்னால் சிமென்ட் தரையில் வண்டியைத் திருப்பினாள். திரும்பவில்லை. டயர் கிறீச்சிட்டது. பின்பக்கம் முழுக்க உதறியது. கெட்டித் தரையில் லாக் போட்டுத் திருப்பினால்தான் அப்படி உதறும். அவள் கால் பெடல் பக்கமே போகவில்லை. கீழே பார்த்தாள்... பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது. வண்டியை நிறுத்தினாள். அதற்கப்புறம்தான் பெடல் மேலே வந்தது. ஸ்பிரிங் பட்டென்று இழுத்து வருகிற மாதிரி இல்லை. மெதுவாக. யாரோ யோசித்து யோசித்துக் காலை எடுக்கிற மாதிரி.

ஸ்பிரிங் போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா, பிரித்துப் பார்க்கிறேன் என்றார் மாமா.

ஞாயிறு வருவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று மதியத்திலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. நாலு மணி இருக்கும். நடவு முடித்துத் திரும்புகிற நேரம். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள், அவள் டிரெய்லரில் காலியான கன்றுத் தட்டுகளுக்கு நடுவில் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரெய்லரில் ஆள் ஏறக்கூடாது என்பது சட்டம். மழையில் நடந்து வா என்று சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பாதை வழுக்கியது. அக்கா முதல் கியரில் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் இறக்கினாள். சரிவு முழுக்க ஒரே சேறு. லாக் தேவைப்பட்டது. காலை வைத்தாள். 'டக்'. இரண்டு சக்கரமும் கவ்விக்கொண்டு அழகாக இறங்கின.

வளைவு தெரிந்தது. அக்கா வழக்கம்போல முன்னாலேயே காலை எடுத்தாள். இடப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

வண்டி நேராகப் போனது.

இன்னும் திருப்பினாள். முன்சக்கரம் இரண்டும் இடப்பக்கம் முழுசாகத் திரும்பி நின்றன. சேற்றைத் தள்ளிக்கொண்டே வண்டி நேராகப் போனது. எதிரில் மண்கரை. அதற்கு அப்பால் வெறும் வானம்.

பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்னால் டிரெய்லர் தள்ளியது. வழுக்கிக்கொண்டே போனது.

"சிட்டு, குதி!" என்று கத்தினாள். பின்னால் தார்ப்பாய் சரசரத்தது. யாரோ சேற்றில் பொத்தென்று விழுந்த சத்தம்.

சரிவில் கிளட்சை மிதிக்கக் கூடாது, என்ஜினின் பிடி விட்டுப் போகும். ஆனால் சில சமயம் காலை எடுத்தாலும், சக்கரத்தில் பளு குறைந்தால்தான் லாக் விடும். வேறு வழியில்லை. இடது கால் கிளட்சில். வலது கால் பிரேக்கில். விடுமா என்று கீழே பார்த்தாள்.

லாக் பெடல் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது.

அவளுடைய இரண்டு காலும் வேறு இடத்தில் இருந்தன.

பெடலின் இரண்டு பக்கமும் கறுப்புச் சேறு பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது... அழுத்தி மிதித்தால் வழிகிற மாதிரி.

"காலை எடு!"

யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகக் கத்தியது.

"காலை எடு... திரும்பணும்... காலை எடு!"

பெடல் அசையவில்லை.

மண்கரை நெருங்கியது. பத்தடி இருக்கும். அதுவும் இல்லை.

குனிந்தாள். இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கீழே விட்டாள். பெடலைக் கையால் பிடித்து மேலே இழுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

கை பெடல் வரைக்கும் போகவில்லை.

நடுவில் ஏதோ இருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. சில்லென்று... ஈரமாக... உருண்டையாக. உள்ளே எலும்பு.

கணுக்கால்.

அக்கா அலறவில்லை. அலறத் தோன்றவில்லை என்கிறாள். எப்படி அப்படிச் செய்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குப் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் காலை நீட்டிக்கொண்டிருப்பவரைத் தட்டிச் சொல்வோமே, அந்த மாதிரி, உள்ளங்கையால் அதன்மேல் தட்டினாள்.

தட்... தட்.

இரண்டு தட்டு.

கைக்கடியில் அது நகர்ந்தது.

பெடல் மேலே வந்தது.

வண்டி சடாரென்று இடப்பக்கம் திரும்பியது. முன்சக்கரம் கரையை உரசிக்கொண்டு பாதைக்கு வந்துவிட்டது. ஆனால் வலது பின்சக்கரம் கரையை உடைத்துக்கொண்டு ஓரத்தில் இறங்கிவிட்டது. வண்டி குவாரிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கரையிலிருந்து ஒரு கட்டி மண் உடைந்து விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே எங்கேயோ... 'களக்'.

அக்கா ஸ்டீயரிங்கை நேராக்கினாள். கிளட்சை விட்டாள். வலது சக்கரம் மட்டும் வெட்டியாகச் சுழன்றது. மண்ணைப் பறித்துக் குவாரிக்குள் வீசியது. வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

இறங்கி ஓடலாம். இடப்பக்கமாகக் குதிக்கலாம். ஆனால் கரைக்கும் டிரெய்லருக்கும் நடுவில், குதித்து வழுக்கி வந்து விழுந்த இடத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிட்டு கிடந்தாள். வண்டி சரிந்தால் டிரெய்லர் அவளையும் வாரிக்கொண்டுதான் போகும்.

லாக் போட்டால் வெளியே வந்துவிடும். நேராகத்தான் போக வேண்டும். பாதை நேராகத்தான் இருந்தது.

லாக் போட வேண்டும் என்றால்... காலை அங்கே வைக்க வேண்டும்.

அக்கா கிளட்சை மிதித்துச் சக்கரம் நிற்கும் வரை காத்திருந்தாள். அந்த நேரத்திலும் சுழல்கிற சக்கரத்தில் லாக் போடவில்லை. நின்றது. வலது காலைத் தூக்கினாள். செருப்பு எப்போதோ கழன்று போயிருந்தது. வெறுங்கால்.

வைத்தாள்.

உள்ளங்காலுக்குக் கீழே ரப்பர் இல்லை.

விரல்கள் இருந்தன.

'டக்'.

கிளட்சை மெதுவாக விட்டாள். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. வண்டி முனகிக்கொண்டே ஓரத்திலிருந்து ஏறியது. ஏறி, பாதையில், கெட்டி மண்ணில் நின்றது. டிரெய்லரும் ஏறிவிட்டது. அக்கா காலை எடுத்தாள். அவள் காலை எடுத்த பிறகு, கொஞ்சம் கழித்து, பெடல் மேலே வந்தது.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிட்டு நொண்டிக்கொண்டே வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அக்கா... யார்கிட்ட கத்தினீங்க?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் மழையில் கொட்டகை வரை நடந்தே போனார்கள்.

வண்டியை மறுநாள் மாமாதான் ஆளோடு போய் இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா நடந்ததை அவரிடம் சொல்லியிருந்தாள். பெடல் தானாக அழுந்தியது, காலை எடு என்று பயத்தில் கத்தினேன், விட்டுவிட்டது என்று மட்டும். கையால் தொட்டதைச் சொல்லவில்லை. தட்டினதைச் சொல்லவில்லை. அவரிடமும் இல்லை, சிட்டுவிடமும் இல்லை, அப்போது என்னிடமும் இல்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்ததாம்.

நான் ஒர்க் ஷாப்பில் இருந்தபோதுதான் மாமா வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார்.  டார்ச்சை என் கையில் கொடுத்து, நீயே பார் என்றார்.

பார்த்தேன். பெடல் இருந்தது, அதைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் இருந்தது. அங்கிருந்து உள்ளே போக வேண்டிய கம்பி இல்லை. வெட்டி எடுத்திருந்தார்கள். கம்பி உள்ளே நுழைகிற துளையை ஒரு தகடு வைத்து அடைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். வெல்டிங் மேலேயே துரு ஏறியிருந்தது. மாமா விடாமல் உள்ளேயும் பிரித்துப் பார்த்தார். இரண்டு சக்கரத்தையும் பூட்டுகிற பாகங்களையே கழற்றி எடுத்திருந்தார்கள்.

அந்த வண்டியில் லாக்கே கிடையாது.

"அப்ப இத்தனை நாளா உங்கக்கா எதைப் போட்டா?" என்றார் மாமா. என்னைக் கேட்கவில்லை. சும்மா கேட்டார்.

மாமா புரோக்கரைப் பிடித்து உலுக்கியதில் பழைய சொந்தக்காரரின் நம்பர் கிடைத்தது. எடுத்தது ஒரு பெண். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் அக்காவும் நானும் இருந்தோம். லாக்கை எதற்காகக் கழற்றினீர்கள் என்று மாமா கேட்டார். அந்த அம்மா சொன்னார். வண்டியை ஓட்டியது அவருடைய கணவர். குளத்துக் கரையில் மண் அடித்துக்கொண்டிருந்தபோது வளைவில் வண்டி திரும்பாமல் நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வண்டியை வெளியே எடுத்தபோது அவர் சீட்டிலேயேதான் இருந்தார். வலது கால் லாக் பெடலிலேயே சேற்றில் புதைந்திருந்தது. இனிமேல் யாரும் இதை மிதிக்க வேண்டாம் என்று கொழுந்தனார்தான் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். அதற்கப்புறம் விற்கிற வரைக்கும் யாரும் அதை ஓட்டவில்லை.

மாமா தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார். என் வீட்டுக்காரி காலை எடு என்று கத்தினாள், விட்டுவிட்டது என்றார். அந்த அம்மா, போனை அவங்ககிட்ட கொடுங்க என்றார். அக்கா வாங்கி ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.  அக்காவின் வலது கை மட்டும் புடவையில் தன்னைத்தானே துடைத்துக்கொண்டே இருந்தது.

அந்த டிராக்டரைப் பண்ணை முதலாளி திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் புரோக்கரிடமே அனுப்பிவிட்டார். அக்கா இப்போது வேறு வண்டி ஓட்டுகிறாள். போனில் கேட்டதை அவள் என்னிடம் சொன்னது பல நாள் கழித்துத்தான். அன்றைக்குத்தான் கையால் தட்டினதையும் முதல்முறையாகச் சொன்னாள்.

அந்த அம்மா ரொம்ப மெதுவாகக் கேட்டாராம்.

"நீங்க அவர் காலைத் தட்டினீங்களாம்மா? ரெண்டு தட்டு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னாராம்.

"கத்தினதுக்கு விட்டிருக்க மாட்டாரேம்மா. அன்னைக்குக் கரையில நின்னு நாங்க அத்தனை பேரும் அதையேதான் கத்தினோம். அவருக்குப் பிறவியிலேயே காது கேக்காது. எதுவா இருந்தாலும்... ரெண்டு தட்டு தட்டித்தான் கூப்பிடணும்."